கதவருகே நின்றவள் எழுதிய கட்டுரை

கட்டுரை என்ற வடிவம் எங்கே பிறந்து எப்படி வளர்ந்தது என்று நான் ஒரு மணி நேரம் பேச வேண்டும் என எங்கள் வாசகர் வட்டத்தில் முடிவானபோது எனக்கு இருபத்துமூன்று வயது. எழுபதுகளின் பிற்பாதி. மட்டாஞ்சேரியில் ஒரு கொப்பரைக் கிடங்கின் மாடியில், மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு எட்டுப் பேர் கூடுவோம். நகை செய்யும் அண்ணன் தம்பி இருவர், ஒரு ஹோமியோபதி டாக்டர், கஸ்டம்ஸில் வேலை பார்க்கும் மூவர், செயலாளராக இருந்த திருநெல்வேலிக்காரர், நான். செயலாளர் வங்கியில் வேலை பார்த்தார். பெண் என்று நான் ஒருத்திதான்.

"கதைக்குப் பேச ஆயிரம் பேர் இருக்காங்க, கவிதைக்கும் இருக்காங்க. கட்டுரைன்னா மட்டும் பரீட்சையில எழுதுறதுன்னு நெனைச்சிட்டிருக்கோம். நீங்க பார்த்துட்டு வந்து சொல்லுங்களேன்" என்றார் செயலாளர்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதே, சார்."

"தெரிஞ்சவங்க பேசினா நாங்க தூங்கிருவோம்மா."

நான்கு மாதம் தவணை கொடுத்தார்கள்.

நான் மலையாளத்தில் படித்தவள். தமிழ் எங்களுக்கு வீட்டில் பேசுகிற மொழி. வாரப் பத்திரிகைகளில் எழுத்துக் கூட்டிப் படித்துத்தான் தமிழ் வாசிக்கப் பழகினேன். ர எங்கே ற எங்கே என்று எழுதும்போது இன்றும் ஒரு நொடி நிற்பேன். முஸ்லிம் வீடு எங்களுடையது; அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, கொச்சங்காடியில் வற்றல் மிளகாய் மொத்த வியாபாரம். கீழே கிடங்கு, மேலே வீடு. புதிதாக வருகிறவர்கள் படியேறி முடிப்பதற்குள் நான்கு தும்மலாவது தும்மிவிடுவார்கள். நான் பஜார் ரோட்டில் மிளகு ஏற்றுமதி செய்யும் அலுவலகமொன்றில் டைப்பிஸ்ட். நாள் முழுதும் 'நாங்கள்' என்று தொடங்கும் கடிதங்களை ஆங்கிலத்தில் அடித்துக்கொண்டிருப்பேன்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது பக்கத்து வீட்டு மலையாளிச் சேச்சி ஜன்னல் வழியாகக் கேட்டார். "எந்தா விஷயம் மோளே? உபந்யாசமோ?" மலையாளத்தில் கட்டுரைக்கு அதுதான் சொல். அம்மா பதறிப்போனாள்.

"உபன்யாசமா? அது கோயில்ல பண்றதில்லியோ? நம்ம ஆளுக்கு எதுக்குப் புள்ளே அது?"

அவளுக்குப் புரியவைக்க எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. ஒரே சொல் உப்பங்கழிக்கு இந்தப் பக்கம் பள்ளிக்கூடத்துக்கும், மலைக்கு அந்தப் பக்கம் கோயிலுக்கும் போயிருக்கிறதே என்று அன்று சிரித்தேன். என் குறிப்பேட்டின் முதல் வரியாக அதைத்தான் எழுதினேன்.

சனிக்கிழமைகளில் அலுவலகம் அரை நாள். மதியம் மட்டாஞ்சேரி ஜெட்டியில் போட் ஏறி எறணாகுளம் போய், அங்கே ஒரு நூலகத்தில் மாலைவரை உட்கார்ந்திருப்பேன். எனக்குக் கிடைத்தவை பெரும்பாலும் ஆங்கிலப் புத்தகங்கள். அகராதி ஒரு கையில், பென்சில் ஒரு கையில். இரண்டாவது சனிக்கிழமை ஒரு பிரெஞ்சுக்காரரைப் பற்றிப் படித்தேன். ஏறக்குறைய நானூறு ஆண்டுகளுக்கு முன் நீதிபதி வேலையை விட்டுவிட்டுத் தன் வீட்டுக் கோபுரத்து அறையில் புத்தகங்களோடு உட்கார்ந்துகொண்டவர். தன்னைப் பற்றியே எழுதினார். தன் மறதி, தன் சிறுநீரகக் கல், தான் சாப்பிடும் விதம், சாவைப் பற்றிய தன் பயம். எழுதியவற்றுக்கு அவர் வைத்த பெயருக்கு அவர் மொழியில் 'முயற்சி' என்று பொருள். சோதித்துப் பார்ப்பது என்றும் சொல்லலாம். முடிவு தெரியாமல் தொடங்கலாம், பாதியில் கருத்தை மாற்றிக்கொள்ளலாம், எனக்குத் தெரியவில்லை என்றும் சொல்லிவிடலாம்.

அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்தேன். பள்ளிக்கூடத்தில் நான் எழுதிய கட்டுரைகள் எல்லாவற்றுக்கும் முன்னுரை, பொருளுரை, முடிவுரை உண்டு. 'பசு', 'மழைக்காலம்', 'நூலகத்தின் பயன்கள்' என்று மனப்பாடம் செய்து ஒப்பித்திருக்கிறேன். எதிலும் நான் இருந்ததில்லை. கட்டுரையில் 'நான்' என்று எழுதலாம் என்றே எனக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. போட்டில் திரும்பும்போது, பேசுவதற்கு முன் இப்படி ஒன்று எழுதிப் பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணம் வந்தது. நான் எழுதக்கூடிய உண்மை எது என்று நினைத்த கணமே அக்காதான் முன்னால் வந்து நின்றாள்.

அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவள். அவளுக்குப் பதினைந்து வயதில் முதல் முறை வலிப்பு வந்தது. அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள். அம்மா ஓடி வந்தாள். வந்தவள் முதலில் ஜன்னலைச் சாத்தினாள். பிறகுதான் அக்காவிடம் போய் உட்கார்ந்து, கிடங்குச் சாவியை அவள் உள்ளங்கையில் திணித்து விரல்களை மடக்கிப் பிடித்தாள். என்னைக் கதவருகே நிறுத்தி, "யாரு வந்தாலும் அக்கா குளிக்கறான்னு சொல்லு" என்றாள். எனக்குப் பதினோரு வயது. ஒரு கண்ணை வாசலிலும் ஒரு கண்ணை அக்காவிடமும் வைத்துக்கொண்டு நின்றேன். அதன்பிறகு வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை அதே கதவு, அதே பொய். வீட்டில் அதற்கு 'மயக்கம்' என்று பெயர். மாத்திரைகள் பவுடர் டப்பாவுக்குள் இருக்கும்.

வந்த வரன்களை எல்லாம் ஏதோ ஒரு சாக்குச் சொல்லி அம்மா தட்டிக்கழித்தாள். அக்காவுக்கு இருபத்தைந்து முடிந்தபோது பாலக்காட்டிலிருந்து ஒரு நல்ல இடம் வந்தது. மாப்பிள்ளை துபாயில் எலக்ட்ரீஷியன். மாமியார், படிக்கிற ஒரு கொழுந்தன், அவ்வளவுதான் குடும்பம். அந்த முறை அம்மாவால் தட்ட முடியவில்லை. நோயைச் சொல்லவும் முடியவில்லை. கல்யாணம் முடிந்து ஒரு மாதத்தில் மச்சான் துபாய்க்குத் திரும்பினார். நான் அந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தபோது அக்கா பாலக்காட்டில் மாமியாருடன் ஒன்றரை வருஷமாக இருந்துகொண்டிருந்தாள்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் எழுதி முடித்தேன். அத்தனை சுலபமாக நான் எதையும் எழுதியதில்லை. ஜன்னல், சாவி, கதவு, நான் சொன்ன பொய், பொய் சொல்லும்போது எனக்குள் இருந்த ஒரு பெருமை, எல்லாவற்றையும் எழுதினேன். 'அக்கா பயத்தில் விழித்தபடி கிடந்தாள்' என்று ஒரு வரி எழுதினேன். எழுதியதில் மிக நல்ல வரி அதுதான் என்று நினைத்தேன். யார் பெயரும் இல்லை. என் பெயருக்குப் பதில் ஒரு புனைபெயர் போட்டேன். சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு சிறு மாத இதழுக்கு அனுப்பினேன்.

ஏன் அனுப்பினேன் என்று பல முறை என்னையே கேட்டிருக்கிறேன். எழுதிப் பார்ப்பதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இது கட்டுரைதான் என்று தெரிந்த ஒருவர் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்த ஆசையில், பாலக்காட்டில் இதை யாராவது படிக்கக்கூடும் என்பது என் நினைவுக்கே வரவில்லை.

ஐந்து வாரம் கழித்து அலுவலக முகவரிக்கு ஒரு கார்டு வந்தது. 'கட்டுரை அருமை. அடுத்த இதழில் வருகிறது.' அன்று முழுக்க டைப் அடித்த கடிதங்களில் தவறு தவறாக வந்தது. மேனேஜர் இரண்டு முறை திருப்பி அனுப்பினார். எனக்கு உறைக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை நூலகத்தில் ஓர் ஆங்கிலக் கட்டுரையாளரைப் பற்றிப் படித்தேன். என்னைப் போலவே ஒரு வணிக அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். அவருக்கு மனநோய் கொண்ட ஓர் அக்கா. காலம் முழுக்க அவரே அவளைப் பார்த்துக்கொண்டார். கட்டுரைகளைப் புனைபெயரில் எழுதினார். அதில் அக்கா வருகிறாள், ஆனால் ஒன்றுவிட்ட சகோதரியாக மாறி, நோயைப் பற்றி ஒரு சொல் இல்லாமல். தன் கோட்டு, தன் திக்குவாய், தன் அலுவலக மேசை என்று எல்லாவற்றையும் திறந்து வைத்த மனிதர் அந்த ஒன்றை மட்டும் மூடி வைத்திருந்தார்.

அவருக்கு முந்திய நூற்றாண்டில் காப்பிக் கடைகளில் விற்ற தாள்களில் எழுதியவர்களும் இல்லாத ஒரு கனவானை உருவாக்கி அவர் வாயால்தான் பேசினார்கள் என்று அதற்கு முந்திய வாரம் படித்துக் குறிப்பெடுத்திருந்தேன். அதை ஒரு விளையாட்டு என்று நினைத்துத்தான் எழுதி வைத்திருந்தேன். அந்தக் கனவான் எதற்காகத் தேவைப்பட்டார் என்பது இப்போது புரிந்தது. பெயரை எடுத்துவிட்டேன், சரி. மிளகாய்க் கிடங்கு? பாலக்காட்டு மாப்பிள்ளை? அரபு நாடு? சாவி?

திங்கட்கிழமை காலை தந்தி ஆபீஸ் திறக்கும்போது வாசலில் நின்றேன். 'கட்டுரையை வெளியிட வேண்டாம். கடிதம் பின்னால் வருகிறது.' கவுண்டரில் இருந்தவர் சொற்களை எண்ணிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். யாரோ செத்துப்போன முகம் எனக்கு. கடிதமும் எழுதினேன். எட்டு நாளில் பதில் வந்தது. 'தந்தி வருமுன்பே அச்சாகிவிட்டது. தயக்கம் வேண்டாம், தைரியமான கட்டுரை.'

எறணாகுளம் பிராட்வேயில் தமிழ்ப் பத்திரிகை விற்கும் கடை ஒன்று உண்டு. கடைக்காரர் மதுரைப் பக்கம். மறுநாளே லீவு போட்டுவிட்டு அங்கே போனேன். இதழ் கம்பியில் கிளிப் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. நான்கு பிரதிகள். நான்கையும் கேட்டேன்.

"நாலுமா? ஒங்க கதை ஏதும் வந்திருக்கா தங்கச்சி?" என்று சிரித்தார்.

"இல்ல அண்ணே, கூட்டத்துல கொடுக்கறதுக்கு. வேற எங்க கிடைக்கும்?"

"எறணாகுளத்துல இது போகாது. பாலக்காட்டுக்குத்தான் நெறைய போவும். ஸ்டேஷன் கடையில, பஸ் ஸ்டாண்டுல. அங்கனக்குள்ள தமிழ் படிக்கிறவுக ஜாஸ்தில்ல."

போட்டில் உட்கார்ந்து அச்சில் அதைப் படித்தேன். கையெழுத்தில் இருந்தபோது எனக்கு அழகாகத் தோன்றிய ஒவ்வொரு விவரமும் இப்போது கை நீட்டி எங்கள் வீட்டைக் காட்டிக்கொண்டிருந்தது. ஆசிரியர் கடைசியில் 'இப்படி எத்தனை வீடுகளோ?' என்று ஒரு முடிவுரை வரியைத் தானாகவே சேர்த்திருந்தார். அதற்குக் கீழே என் புனைபெயர். அதற்கும் கீழே, அடைப்புக்குறிக்குள், நான் எழுதாத ஒரு சொல்: கொச்சி.

அதன் பிறகு பதினாறு நாள். படியில் செருப்புச் சத்தம் கேட்டால் ஓடிப்போய் எட்டிப் பார்ப்பேன். அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று தினமும் காலையில் முடிவெடுப்பேன். மாலையில், ஒருவேளை யாரும் படிக்காமலே போய்விட்டால் எதற்கு வீணாகக் கலக்குவது என்று தள்ளிப்போடுவேன். உரைக்கான நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது. தமிழில் உரைநடை முதலில் பாட்டுக்கு விளக்கமாகத்தான் வந்தது, பழைய உரையாசிரியர்கள் தம் கருத்தைக்கூட 'என்ப', 'என்பர்' என்று யாரோ சொன்னதாகச் சொல்லித் தாம் ஒதுங்கி நின்றார்கள் என்று குறிப்பெழுதினேன். எழுதிக்கொண்டிருக்கும்போதே, அவர்கள் புத்திசாலிகள் என்று தோன்றியது.

ஒரு புதன்கிழமை காலை. அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கீழே டாக்ஸி நின்ற சத்தம். அக்காதான் முதலில் படியேறி வந்தாள், கையில் ஒரு பெட்டி. பின்னால் அவள் மாமியார், அதற்குப் பின்னால் கொழுந்தன். அவன் கையில் அந்த இதழ் சுருட்டி இருந்தது.

"உக்காருங்க சம்பந்தியம்மா. ஒரு கடுதாசி போட்டிருந்தா ஸ்டேஷனுக்கு ஆள அனுப்பியிருப்போமே. இருங்க, சாயா எடுக்கறேன்" என்றாள் அம்மா.

"சாயா வேண்டாம். மொதல்ல இத யாராவது படிங்க" என்றார் மாமி.

அத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாங்கினார். அவர் தமிழை மெல்ல, உதட்டை அசைத்துத்தான் படிப்பார். இரண்டரைப் பக்கத்துக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. கீழே மூட்டை இறக்கும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. ஓரிடத்தில் அத்தாவின் உதடு நின்றது. சாவி வரும் இடம் என்று எனக்குத் தெரிந்தது. படித்து முடித்து, இதழை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்குப் படிக்கத் தெரியாது. அடுத்த வீட்டுப் பையன் வந்து சொன்னான், சின்னவன்தான் வாசிச்சுக் காட்டினான்" என்றார் மாமி. "மொளகாக் கெடங்குக்கு மேல வீடு. ரெண்டு பொண்ணு. மூத்தவளப் பாலக்காட்டுல கொடுத்திருக்கு. மாப்பிள்ள அரபு நாட்டுல. இப்படிக் கொச்சியில எத்தன வீடு இருக்கு, சொல்லுங்க."

அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவள் அந்த இதழைப் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"யாரோ எதுவோ எழுதினதுக்கு நாங்க என்ன பண்ணுவோம்? எம் பொண்ணுக்கு ஒரு சீக்கும் இல்ல. படச்சவன் மேல..."

"அம்மா, மதி, போதும்" என்றாள் அக்கா. "சத்தியம் பண்ணாதே."

பெட்டியைக் கீழே வைத்துவிட்டு மாமியாரைப் பார்த்துத் திரும்பினாள்.

"மாமி, அதுல இருக்கறது நெஜந்தான். பதினஞ்சு வயசுலேர்ந்து இருக்கு. உங்க வீட்ல ரெண்டு தடவ வந்துது. ரெண்டு தடவயும் நீங்க வெளிய போயிருந்தீங்க."

"இத எழுதினது யாரு?"

அக்கா என்னைப் பார்த்தாள். கதவருகே நின்றது ஒருத்திதான் என்று அவளுக்குத் தெரியாதா? ரயிலில் வரும்போதே, அதற்கு முன்பே, கொழுந்தன் முதல் பத்தியை வாசித்தபோதே தெரிந்திருக்கும். நான் அப்போதும் கதவருகேதான் நின்றிருந்தேன். வாயைத் திறந்தால் போதும். திறக்கவில்லை.

"யாரு எழுதினா என்ன மாமி? சீக்கு எனக்கில்லியா?" என்றாள்.

மாமி அழுதார். நான் எதிர்பார்த்தது கோபம். அவர் துப்பட்டியின் முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அம்மாவிடம் சொன்னார்: "சொல்லியிருந்தா வேண்டாம்னு இருப்பேனோ, சரின்னு இருப்பேனோ, எனக்கே தெரியாது. அத யோசிக்கறதுக்கே நீங்க எனக்கு எடம் தரலியே. அடுத்த வீட்டுப் பையன் படிச்சுட்டு வந்து சொல்லி நான் தெரிஞ்சுக்கணுமா?"

மகனுக்குத் தெரிவிப்பதாகவும் அவன் சொல்கிறபடி செய்வதாகவும் சொல்லிவிட்டு மாமி இறங்கிப் போனார். அக்கா பெட்டியோடு எங்கள் வீட்டில் நின்றாள்.

அன்று நான் அலுவலகம் போகவில்லை. மதியம் அக்கா அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நான் தொடங்குமுன் அவளே பேசினாள்.

"நல்லா எழுதியிருக்கே."

"அக்கா..."

"பொய் இல்ல அதுல. ஒரு வரி தவிர. அக்கா பயந்துட்டுக் கெடந்தான்னு எழுதியிருக்கியே, அது உனக்கு எப்படித் தெரியும்? எனக்கு அந்த நேரத்துல ஒண்ணுமே தெரியாது புள்ளே. முழிச்சுப் பார்க்கறப்ப தலைவலி இருக்கும், வெக்கமா இருக்கும். பயம் இருந்ததில்ல. பயந்தது நீ."

உரித்த வெங்காயத்தைத் தட்டில் வைத்தாள்.

"அவருக்குத் தெரியும்" என்றாள்.

"யாருக்கு?"

"உங்க மச்சானுக்கு. கல்யாணமாகி ரெண்டாவது வாரமே சொல்லிட்டேன். அப்புறம், தனியா ஒரு வீடு பார்த்துட்டு அம்மாகிட்ட நானே சொல்லிக்கறேன், அதுவரைக்கும் நீ சொல்ல வேண்டாம்னாரு. இப்ப மாத்திரை அவருதான் அங்கேர்ந்து வர்ற ஆள்கிட்ட கொடுத்து விடறாரு. எங்க ரெண்டு பேருக்குள்ள இருந்தது அது ஒண்ணுதான். ஒரு மாசந்தானே கூட இருந்தோம்."

அதன்பிறகு ஏறக்குறைய இரண்டு வருஷம் அக்கா என்னோடு பேசவில்லை. தேவைக்கு ஒரு வார்த்தை, அவ்வளவுதான்.

பதினொரு நாள் கழித்து உரை. போக வேண்டாம் என்று நினைத்தேன். ஆனால் மற்ற ஏழு பேரில் ஒருவரிடமும் காரணம் சொல்ல முடியாது. போனேன். குறிப்பேட்டைப் பார்த்துப் பார்த்துப் பேசினேன். நீதிபதியின் கோபுரத்திலிருந்து தொடங்கினேன். அவருக்குப் பின்னால் வந்த ஆங்கிலேயர் ஒருவர் 'நான்' என்பதை எடுத்துவிட்டு அறிவுரைபோல் இறுக்கமாக எழுதியதைச் சொன்னேன். காப்பிக் கடைத் தாள்களையும் முகமூடிகளையும் சொன்னேன். அச்சு இயந்திரமும் பாதிரிமாரும் செய்தித்தாளும் தமிழ் உரைநடையைப் பாட்டின் விளக்கத்திலிருந்து தெருவுக்குக் கொண்டுவந்ததைச் சொன்னேன். முதலில் 'வியாசம்' என்று பேர் வைத்து, பிறகு பழங்காப்பியத்திலேயே வேறு பொருளில் கிடந்த 'கட்டுரை' என்ற சொல்லை எடுத்து இதற்குச் சூட்டிக்கொண்டதையும், வந்த வடிவத்தைப் பள்ளிக்கூடம் மூன்று துண்டாக நறுக்கிப் பரீட்சையில் வைத்ததையும் சொன்னேன். உபன்யாசக் கதைக்குச் சிரித்தார்கள்.

பேசி முடித்ததும் செயலாளர் எழுந்தார். பையிலிருந்து அந்த இதழை எடுத்தார். ஊருக்குப் போய்த் திரும்பும் வழியில் பாலக்காடு ஸ்டேஷனில் வாங்கியதாம்.

"இவங்க சொன்ன முயற்சிங்கறதுக்கு இதை உதாரணமாச் சொல்லலாம். யாரு எழுதினதுன்னு தெரியல, நம்ம கொச்சிதான் போட்டிருக்கு. ஒரு பத்தி வாசிக்கறேன்."

வாசித்தார். நல்ல குரல் அவருக்கு. ஜன்னல் சாத்தப்பட்டது, சாவி கைக்குள் போனது. 'அக்கா பயத்தில் விழித்தபடி கிடந்தாள்' என்று படித்து நிறுத்தி, "என்ன வரி பாருங்க!" என்றார்.

"அந்த வரி தப்பு, சார்" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"தப்புன்னா? எப்படிச் சொல்றீங்க?"

"நான்தான் எழுதினேன். அவ பயப்படல. எழுதினவளுக்குத்தான் பயம். அதை அவ மேல ஏத்தி எழுதியிருக்கேன். கேட்டிருந்தா சொல்லியிருப்பா. நான் கேக்கல."

செயலாளர் இதழை மூடினார். நகைக்காரர்களில் மூத்தவர், "அந்த அக்கா இப்ப எங்கம்மா?" என்று கேட்டார். "எங்க வீட்ல" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஹோமியோபதி டாக்டர் எங்கள் அத்தாவுக்குப் பழக்கமானவர். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் கைதட்டவில்லை. சாயா வந்தது, குடித்தோம், கலைந்தோம்.

டாக்டர் சொல்லி அத்தாவுக்குத் தெரியக்கூடாது என்று நேராகக் கிடங்குக்குப் போனேன். அத்தா மட்டும் இருந்தார். சொன்னேன்.

"புதன்கிழமையே தெரியும்" என்றார். "சாவியப் பத்தி வெளியாளுக்கு எப்படித் தெரியும்?"

"பின்னே ஏன் அத்தா ஒண்ணும் கேக்கல?"

"நீயா சொல்லுவியான்னு பார்த்தேன். பதினோரு நாளு ஆயிடுச்சு." குவியலிலிருந்து ஒரு மிளகாயை எடுத்துக் காம்பைக் கிள்ளினார். "தப்பு எங்க மேலயும் இருக்கு. அத நீ ஊருக்குச் சொன்ன. எங்ககிட்ட சொல்லல. போ, உங்கம்மாகிட்டயும் நீயே சொல்லு."

அம்மா திட்டவில்லை. "அன்னிக்கு நான் சத்தியம் பண்ணியிருந்தா?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்வியை அந்த வருஷம் முழுக்க, சோறு போடும்போதும் துணி மடிக்கும்போதும், சம்பந்தமே இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மச்சானுடைய பதில் ஒரு கேசட்டாகப் பாலக்காட்டுக்கு வந்தது. மாமிக்குப் படிக்கத் தெரியாது என்பதால் அவர் எப்போதும் பேசித்தான் அனுப்புவார். அதில் என்ன இருந்தது என்று எங்களுக்குத் தெரியாது. எங்களுக்கு ஒரு வரிக் கடிதம்தான்: 'லீவு கிடைத்ததும் வருகிறேன்.' ஐந்து மாதம் காத்திருந்தோம். அக்காவுக்கு அந்த ஐந்து மாதத்தில் நான்கு முறை வலிப்பு வந்தது. தூக்கமில்லாததால் என்றார் டாக்டர். ஒவ்வொரு முறையும் அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான்தான். விழித்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

மச்சான் வந்தார். எங்கள் வீட்டில் ஒரு நாள், பாலக்காட்டில் ஒரு வாரம். பிறகு தோப்பும்படியில் ஒரு சின்ன வீடு வாடகைக்குப் பிடித்து அக்காவைக் கூட்டிக்கொண்டு போனார். துபாய் வேலையை விட்டுவிட்டு மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் ஒரு ஒர்க்ஷாப்பில் சேர்ந்தார். மாமி ஒரு வருஷம் வரவில்லை. மகள் பிறந்தபோது வந்தார், நாற்பது நாள் இருந்தார், அதன்பிறகு வருவதும் போவதுமாக இருந்தார். என்னைப் பார்த்தால் மட்டும் பேச்சைக் குறைத்துக்கொள்வார். அது கடைசிவரை மாறவில்லை. மாற வேண்டும் என்று கேட்க எனக்கும் உரிமை இல்லை.

குழந்தைக்கு ஆறேழு மாதம் இருக்கும்போது ஒருநாள் அக்கா ஆள் அனுப்பினாள். போனேன். குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு, "அந்தப் புஸ்தகம் இருக்கா உங்கிட்ட? நான் முழுசாப் படிச்சதே இல்ல. கொழுந்தன் வாசிச்சுக் கேட்டதுதான்" என்றாள்.

என்னிடம் நான்கு பிரதிகளும் இருந்தன. மறுநாள் ஒன்றைக் கொண்டுபோனேன். என்னை எதிரில் உட்காரவைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தாள். ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தினாள். அரிசி இல்லை, பயறு களைந்துகொண்டிருந்தேன் என்றாள். வலிப்பு வருவதற்கு முன் நாக்கில் துருப்பிடித்த இரும்பின் ருசி வரும், அதை நீ எழுதவே இல்லை என்றாள். எனக்கு எப்படித் தெரியும் என்றேன். அதைத்தான் சொல்கிறேன் என்றாள். சாயங்காலம் ஆகும்போது இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். இரண்டு வருஷத்துக்குப் பிறகு போட்ட முதல் சண்டை.

எண்பதுகள் முழுக்க நான் எழுதினேன். பெரும்பாலும் கட்டுரைகள்தான். கதையில் பெயரை மாற்றினால் தப்பித்துவிடலாம் என்று நண்பர்கள் சொல்வார்கள். எனக்கு அந்தத் துணிச்சலும் வரவில்லை. அந்தக் கோபுரத்து நீதிபதிக்கு எழுதத் தன் உடம்பே போதுமானதாக இருந்தது. எனக்கு அப்படி இல்லை. என் நினைவில் இருப்பதில் பாதி மற்றவர்களுடையது. அதனால் ஒருவரைப் பற்றி எழுதினால் அவரிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்புவேன். வேண்டாம் என்று சொன்னவர்கள் உண்டு. அந்தக் கட்டுரைகள் அலமாரியில் இருக்கின்றன. அவற்றில் ஒன்று நான் எழுதியதிலேயே சிறந்தது என்று எனக்குத் தெரியும்.

இந்தக் கட்டுரையையும் அக்காவிடம் கொடுத்தேன். இப்போது அவளுக்குப் படிக்கக் கண்ணாடி வேண்டும். இரண்டு நாள் வைத்திருந்து திருப்பித் தந்தாள். இரண்டு இடங்களைப் பேனாவால் அடித்திருந்தாள். இரண்டையும் எடுத்துவிட்டேன். முதலாவது எதற்கு என்று எனக்கே புரிந்தது. இரண்டாவதை ஏன் அடித்தாய் என்று கேட்டேன்.

"அது என்னோடதில்ல, எம் பொண்ணோடது. அவகிட்ட கேளு" என்றாள்.

மகள் கோயம்புத்தூரில் இருக்கிறாள். இன்னும் கேட்கவில்லை.